உங்களுக்குத் தெரியுமா? பைக் எஞ்சினுக்கு கார் ஆல்டர்னேட்டர்

★ பிரிட்டனில் பைக் எஞ்சின் பூட்டிய குட்டி ஸ்போர்ட்ஸ் கார்களை வீட்டு ஷெட்டிலேயே கட்டி, பதிவு செய்து, சாலையில் ஓட்டுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் மூதாதை 1957இல் வந்த லோட்டஸ் செவன். அன்று முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரிகளாக வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் கிடையாது. 1973இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போனது; கார் கட்டும் ஆசை போகவில்லை.

★ 1998இல் வந்த யமஹா ஆர்1 பைக்கின் எஞ்சின் வெறும் 998 சிசி. ஆனால் 150 குதிரைத்திறன் தருகிறது, நிமிடத்துக்கு 11,000 சுற்றையும் தாண்டிப் பறக்கிறது. அரை டன் எடையுள்ள காரில் இதை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு குறை, ரிவர்ஸ் கியர் கிடையாது. இன்னொரு குறை, கரண்ட் போதாது.

★ ஏன் போதாது? பைக்கின் மேக்னெட் காயில் பொதுவாக 300 முதல் 500 வாட் வரை தரும், அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது. காரில் ஹெட்லைட் இரண்டுக்கே 110 வாட். ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்ப், வைப்பர், சூடேறும் கண்ணாடி எல்லாம் இதற்கு மேல். மழை இரவில், டிராஃபிக்கில் ஐடிலில் நிற்கும்போதுதான் இவை அத்தனையும் சேர்ந்து ஓடும். அந்த நேரத்தில்தான் காயிலும் மிகக் குறைவாகத் தரும்.

★ பைக்கில் இருப்பது நிரந்தரக் காந்தம். அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. தேவைக்கு மேல் வரும் மின்சாரத்தைப் பெரும்பாலான பைக் ரெகுலேட்டர்கள் வெப்பமாக்கி வெளியே தள்ளுகின்றன. ரெகுலேட்டரின் உடம்பில் அலுமினியப் பட்டைகள் இருப்பது அதற்காகத்தான். கார் ஆல்டர்னேட்டரில் காந்தத்துக்குப் பதில் ரோட்டரில் ஒரு காயில் சுற்றியிருக்கும். அதற்குப் போகும் கரண்டைக் குறைத்தால் உற்பத்தியும் குறையும். தேவையான அளவுக்கு மட்டும் உற்பத்தி என்பது என் கண்ணுக்கு மிக அழகான ஏற்பாடு.

★ கார் ஆல்டர்னேட்டரைப் பைக் எஞ்சினில் பூட்டுவதில் தலையாய கணக்கு புல்லிக் கணக்கு. வாங்கும்போது எல்லோரும் எத்தனை ஆம்பியர் என்றுதான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது எத்தனை சுற்று தாங்கும் என்று. காரில் கிராங்க் புல்லி பெரிது, ஆல்டர்னேட்டர் புல்லி சிறிது. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஆல்டர்னேட்டர் இரண்டரைச் சுற்று சுற்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் எஞ்சின் 6,500இல் ஓடினால் ஆல்டர்னேட்டருக்கு 16,250. தாங்கும். அதே புல்லியைப் பைக் எஞ்சினில் போட்டால் 11,500க்கு 28,750! ரோட்டரின் செம்புச் சுற்று மையவிலக்கு விசையில் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் ஆல்டர்னேட்டர் புல்லியைப் பெரிதாக்கி விகிதத்தை 1.3க்குக் குறைக்க வேண்டும். அப்போது உச்சத்தில் 14,950, பயமில்லை. ஆனால் 1,100 ஐடிலில் வெறும் 1,430. பல ஆல்டர்னேட்டர்கள் அப்போதுதான் கண் திறக்கும். உச்சத்தைக் காப்பாற்றினால் ஐடில் அடிவாங்குகிறது. ஆனாலும் பைக் எஞ்சின் சாலையில் 4,000க்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. நான் உச்சத்தைக் காப்பாற்றத்தான் சொல்வேன்.

★ புல்லி விகிதம் குறைந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ரோட்டரின் சுழல் பளு விகிதத்தின் வர்க்கமாக எஞ்சின் மேல் விழும். இரண்டரை என்றால் 6.25 மடங்கு, 1.3 என்றால் 1.7 மடங்குதான். ஆக்ஸிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில் சீறும் எஞ்சினுக்கு இது பெரிய வித்தியாசம். பெல்ட்டும் வழுக்காது.

★ கிராங்கில் புல்லி வைக்க இடமில்லை என்று புரொபெல்லர் ஷாஃப்டிலிருந்து பெல்ட் எடுப்பவர்களும் உண்டு. பைக் கியர்பாக்ஸ் வேகத்தைக் குறைத்துத்தான் கொடுக்கும் என்பதால் சுற்றுப் பிரச்சினை தணியும். ஆனால் கார் நின்றால் சார்ஜும் நின்றுவிடும். டிராஃபிக்கில் மாட்டினால் எல்லாச் சுமையும் பேட்டரி தலையில்.

★ ஆல்டர்னேட்டரை எந்தப் பக்கம் சுற்றினாலும் வெளியே வருவது அதே நேர்மின்சாரம்தான், டயோடுகள் பார்த்துக்கொள்ளும். அதன் குளிர்விக்கும் ஃபேன் இறக்கைகள் ஒரு பக்கமாக வளைந்திருந்தால் மட்டும் கவனம் தேவை. தப்பான பக்கம் சுற்றினால் காற்று குறைந்து உள்ளே வெந்துபோகும்.

★ 14 வோல்ட்டில் 40 ஆம்பியர் என்றால் 560 வாட். பெல்ட், உராய்வு, வெப்ப இழப்பெல்லாம் சேர்த்தால் எஞ்சினிடமிருந்து ஏறக்குறைய 1 கிலோவாட் போகும். 150 குதிரையில் ஒன்றேகால், ஒன்றரைக் குதிரை. தாராளமாகக் கொடுக்கலாம்.

★ பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டர் பைக்குக்குப் புதிதல்ல. பிஎம்டபிள்யூ ஆர்1100 வரிசை பைக்குகளில் எஞ்சினின் முன்பக்கம் பெல்ட்டில் ஓடும் 700 வாட் ஆல்டர்னேட்டர் இருந்தது. சுசுகி பேண்டிட் 1200இல் ஆல்டர்னேட்டர் சிலிண்டர்களுக்குப் பின்னால் இருக்கும், ஆனால் பெல்ட்டில் அல்ல, பற்சக்கரத்தில் ஓடும்.

★ பழைய பிரிட்டிஷ் கார்களின் ஆல்டர்னேட்டர் முதலிய மின்சாதனம் என்றாலே லூகாஸ். அந்த நிறுவனமும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து 1961இல் தொடங்கியதுதான் சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ்.

★ கார் ஆல்டர்னேட்டர் வந்துவிட்டதே என்று பைக்கின் மேக்னெட் ரோட்டரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். பல எஞ்சின்களில் ஸ்டார்ட்டரின் ஒருவழி கிளட்ச் அதன் முதுகில்தான் இருக்கிறது. ஸ்டேட்டர் காயிலை மட்டும் எடுங்கள். ஒயர் வெளியே வந்த ஓட்டையை நன்றாக அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆயில் கசியும்.

★ டேஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு அலங்காரமல்ல. ஆல்டர்னேட்டர் உயிர்பெறத் தேவையான முதல் கரண்ட், பல மாடல்களில், அந்த 2.2 வாட் பல்பு வழியாகத்தான் ரோட்டருக்குப் போகிறது. இடத்தை மிச்சப்படுத்த அதை விட்டுவிட்டாலோ, எல்இடி போட்டாலோ, புல்லி, பெல்ட் எல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் ஏறாமல் போகலாம். எல்இடிதான் வேண்டுமென்றால் அதோடு இணையாக ஒரு ரெசிஸ்டர் போட்டுவிடுங்கள்.