மிளகாய் நாற்றுக்கு ஒரு பெரிய தொட்டி

காரம் என்றவுடனே நமக்கு மிளகாய்தான் நினைவுக்கு வருகிறது என்றாலும், இச்செடி பாரத பூமியில் தோன்றியதன்று. அமெரிக்கக் கண்டத்தின் உஷ்ணப் பிரதேசங்களில் பிறந்து, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரின் கப்பல்களில் நம் கரைக்கு வந்து சேர்ந்த இதற்கு, அதுவரை நம் நாவுக்கு உறைப்பூட்டி வந்த மிளகின் பெயரை முன்னிட்டே மிளகாய் என்று நாமகரணம் செய்தார்கள். தன் பூர்வ நிலத்தில் இது பல்லாண்டு வாழும் சிறு புதர். வயலில் ஒரு போகம் முடிந்ததும் பிடுங்கி எறிந்துவிடுகிற இச்செடியைத் தொட்டியில் பக்குவமாகப் பேணினால், இரண்டு மூன்று வருஷங்கள் காய்க்கக் காணலாம். அத்தனை காலத்துக்கும் அஸ்திவாரம், நாற்றுப் பருவத்தில் அதன் வேருக்கு நாம் செய்யும் உபசாரமே.

வயலில் நடுகிறவர்கள் 40 முதல் 45 நாள் வயதுள்ள நாற்றைப் பறித்து நடுவது வழக்கம். வீட்டில் சிறு கோப்பையில் விதைத்தவரோ, நாட்கணக்கைவிட வேரையே சாட்சியாகக் கொள்வது நலம். கோப்பையின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தாலும், காலையில் விட்ட தண்ணீர் மாலைக்குள் வற்றி இலை துவண்டாலும், செடிக்கு இடம் போதவில்லை என்று அர்த்தம்.

எப்படியும் பெரிதாகப் போகிற செடிதானே என்று எண்ணி, நான் முதன்முதலில் வளர்த்த வருஷத்தில், 3 அங்குலக் கோப்பையிலிருந்து எடுத்த நாற்றை ஒரு பெரிய சிமென்ட் தொட்டியின் நடுவே வைத்து, நாள் தவறாமல் ஆசையோடு தண்ணீர் வார்த்து வந்தேன். பத்துப் பன்னிரண்டு நாட்களில் இலைகள் மஞ்சள் பூத்தன. மேல்மண்ணில் பாசி படர்ந்தது. தோண்டிப் பார்த்தபோது வேர் பழுப்பேறி, விரலால் உருவியதும் தோல் கழன்று நூலாகக் கையில் வந்தது. சிறு வேரால் குடித்துத் தீர்க்க முடியாத ஈரம் பெரிய தொட்டியின் மண்ணில் நாட்கணக்கில் தங்கி, வேர் சுவாசிப்பதற்கு வேண்டிய காற்றை வெளியேற்றிவிடுவதே இந்த விபத்துக்குக் காரணம். ஆகையால் முதலில் 5 அல்லது 6 அங்குலத் தொட்டிக்கும், அது வேரால் நிறைந்த பின்னர் 10 அல்லது 12 அங்குலத் தொட்டிக்கும், படிப்படியாகவே மாற்ற வேண்டும்.

செம்மண், நன்றாக மட்கிய தொழு உரம், மணல் ஆகிய மூன்றையும் சமபாகமாகக் கலந்து, கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் தூவிக்கொண்டால் மண் தயார். அடித்துளையின்மேல் வளைந்த ஓட்டுத்துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால், மண் ஒழுகாது. தண்ணீர் மட்டும் வடியும். வெயில் தாழ்ந்த மாலை வேளையே இந்தக் காரியத்துக்கு உகந்தது. ஒரு மணி நேரம் முன்பாகக் கோப்பையில் தண்ணீர் விட்டு, பின்பு தண்டு இரு விரல்களுக்கிடையே வருமாறு உள்ளங்கையால் மண்ணை மூடிப் பிடித்துக் கவிழ்த்து, அடியில் மெல்லத் தட்டினால், மண்கட்டி கோப்பையின் உருவம் கெடாமல் கையில் வந்து அமரும். செடியைப் பிடிக்க நேர்ந்தால் இலையைப் பிடிக்கலாமே தவிர, தண்டைப் பிடிக்கலாகாது. போன இலைக்குப் பதிலாக வேறு இலை துளிர்க்கும், நசுங்கிய தண்டுக்கோ மாற்றில்லை. அடியில் வேர் பம்பரக் கயிறு போலச் சுற்றியிருந்தால், விரல் நுனியால் அதைச் சற்றே தளர்த்திவிட வேண்டும். தக்காளியைத் தண்டு புதைய நட்டால், புதைந்த இடமெல்லாம் வேர் விடும். மிளகாய்க்கு அந்தச் சுபாவம் குறைவாதலால், முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுவதே உத்தமம்.

நட்ட மூன்று நான்கு நாட்கள் நிழலில் வைத்து, பிறகு காலை இளவெயிலும், அதன்பின் முழு வெயிலுமாகப் பழக்க வேண்டும். விரலை முதல் கணு வரையில் மண்ணில் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருந்தால் மாத்திரமே தண்ணீர் வார்க்கலாம். தண்டு இரண்டாகப் பிரியும் கவட்டில் தோன்றுகிற முதல் மொட்டைச் செடி ஒரு சாண்கூட வளராத நிலையில் கிள்ளிவிடுவதே என் வழக்கம். மனம் வராதுதான், ஆனாலும் அந்தச் சக்தி கிளைகளுக்குப் போய்ச் சேர்கிறது. தழைச்சத்தை அதிகம் கொடுத்தால் இலை மட்டும் செழிக்கும். சித்திரை வெயில் 35 டிகிரியைத் தாண்டும்போது பூ உதிர்வது சகஜம், அதற்காக உரத்தை அள்ளிப் போட வேண்டாம்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன் என்றும், கீழ்நோக்கி வளைந்தால் சிலந்திப்பூச்சி என்றும் அனுபவஸ்தர்கள் சந்தேகிப்பார்கள். குருத்திலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதை வாரந்தோறும் செய்து வந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிப்பதோடு ஆரம்ப நிலையிலேயே தடுத்துவிடலாம்.

மிளகாய்க் கிளை எளிதில் முறியும். காயை வெடுக்கென்று இழுக்காமல், காம்போடு சேர்த்துக் கத்தரியால் நறுக்கி எடுங்கள்.