எட்டாத நிலைக்கு ஏற்றும் ரேடியோ துடிப்புகள்

எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் ரேடியோ அலை நம் உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் கலைத்துவிட்டால், அவை பழைய ஒழுங்குக்குத் திரும்பச் சில விநாடிகள் போதும். கார்பன்-13 அணுக்கள் சிலவற்றில் ஒரு நிமிடம் வரை ஆகலாம். காந்த ஒழுங்கை மிகுதியாக ஏற்றிய ஒரு சேர்மத்தை ரத்தத்தில் செலுத்தி, அது போய்ச் சேரும் இடத்தில் படமெடுக்க விரும்புகிறவர்களுக்கு இந்த அவகாசம் பெரும்பாலும் போதாது.

இந்த எல்லையைத் தாண்டும் வழியை 2004இல் காட்டியது, பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் லெவிட்டின் குழு. ஒரு மூலக்கூறில் அருகருகே இருக்கும் இரண்டு ஒத்த அணுக்கருக்களை எடுத்துக்கொள்வோம். அவற்றின் தற்சுழற்சிகள் நான்கு நிலைகளில் சேரலாம். மூன்றுக்கு டிரிப்ளெட் என்று பெயர். நான்காவதான சிங்கிளெட்டில் மொத்தத் தற்சுழற்சி பூஜ்யம். மூலக்கூறு கரைசலில் உருளும்போது ஒரு கரு மற்றதன் மீது செலுத்தும் காந்த அலைக்கழிப்புதான் பெரும்பாலும் ஒழுங்கைக் குலைக்கிறது. ஆனால் அது இரண்டு கருக்களையும் சமமாகவே பாதிப்பதால் சிங்கிளெட்டை டிரிப்ளெட்டாக மாற்ற முடியாது. 2015இல் நாஃப்தலீன் வகைச் சேர்மம் ஒன்றில், அறை வெப்பநிலைக் கரைசலில், சிங்கிளெட் நிலையின் ஆயுள் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது.

சிக்கலும் இங்கேதான். ரேடியோ துடிப்பும் இரண்டு கருக்களையும் சமமாகத்தான் தொடுகிறது. அதனால் அதுவும் தனியாகச் சிங்கிளெட்டுக்குள் எதையும் அனுப்ப முடியாது, அங்கிருப்பதை வெளியே எடுக்கவும் முடியாது. சிங்கிளெட் எந்த சமிக்ஞையும் தராது.

உதவுவது ஒரு சிறு குறை. மூலக்கூறை வடிவமைக்கும்போதே இரண்டு கருக்களின் வேதிச் சூழலில் மிகச் சிறிய வேறுபாட்டை விட்டுவைக்கிறார்கள். கருக்கள் எலக்ட்ரான்கள் வழியே ஒன்றையொன்று பாதிக்கும் ஜே-பிணைப்பு 50 ஹெர்ட்ஸ், அவற்றின் அதிர்வெண் வேறுபாடு வெறும் 2 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த 2 ஹெர்ட்ஸ் தரும் தள்ளல் அற்பமானது; ஜே-பிணைப்பு அதை உடனே சமன்செய்துவிடும். 2010இல் பிலேயோவும் லெவிட்டும் கரவெட்டாவும் வெளியிட்ட எம்2எஸ் முறை, ஊஞ்சலைத் தாளம் பார்த்துத் தள்ளுவதுபோலத்தான். சுமார் 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 180 பாகைத் துடிப்பு. தள்ளல்கள் ஒன்றையொன்று அழிக்காமல் கூடுகின்றன. முதல் கட்டத்தில் ஏறக்குறைய 39 துடிப்புகள், அடுத்த கட்டத்தில் அதில் பாதி. மொத்தம் 0.6 விநாடி. திரும்ப எடுப்பதற்கு இதே வரிசையைத் தலைகீழாக ஓட்டினால் போதும்.

2013இல் டிவியன்ஸ், வால்ஸ்வொர்த், ரோசன் ஆகியோர் முன்வைத்த ஸ்லிக் முறை இன்னும் எளிது: ஒரே ஒரு நீண்ட, மெலிந்த அலை. அதன் வலிமை ஜே-பிணைப்புக்குச் சமமாக, அதாவது 50 ஹெர்ட்ஸாக, இருக்கவேண்டும். வழக்கமான துடிப்புகள் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வலிமையுள்ளவை. இங்கே ஆற்றல் மிகக் குறைவு என்பதால் உடல் சூடாகும் கவலை இல்லை, 0.35 விநாடியில் வேலையும் முடிகிறது. காகிதத்தில் பார்த்தால் இதுவே அழகு. ஆனால் அதிர்வெண் சில ஹெர்ட்ஸ் பிசகினாலும் பலன் சரிந்துவிடும். காந்தப்புலம் ஒரே சீராக இல்லாத இடத்தில் நான் எம்2எஸ்ஸையே நம்புவேன். வலிமையை மெதுவாக மாற்றிக்கொண்டே போகும் முறைகள் இந்தப் பிசகுகளைத் தாங்கும், நேரம்தான் கூடும்.

ஒரு மணி நேரம் நிற்கும் நிலைக்கு ஓரிரு விநாடி கூடுவதால் என்ன என்று தோன்றலாம். ஆனால் உள்ளே போகும் வழியில் ஒழுங்கு இன்னும் சிங்கிளெட் ஆகியிருக்காது. அந்த விநாடிகளில் பழைய, வேகமான தேய்மானமே நடக்கும்.