வீட்டு வைஃபை அமைத்தல்

வீட்டு வைஃபை (அருகலை) என்பது வீட்டுக்குக் கம்பி வழியே வரும் அகலப்பட்டை இணைய இணைப்பை, திசைவி (ரூட்டர்) எனும் கருவியின் மூலம் கைப்பேசி, மடிக்கணினி போன்ற பல கருவிகளுக்குக் கம்பியின்றிப் பகிர்ந்தளிக்கும் அமைப்பாகும். சேவையாளர் தரும் வேகம் வீட்டுப் பெட்டி வரைக்குமானது. அறைக்குள் கிடைக்கும் வேகம் திசைவி வைக்கப்படும் இடத்தையும் அதன் அமைப்பையும் பொறுத்தது.

இணைப்பு வரும் வழி

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தை மாநில அரசின் டான்பிநெட் நிறுவனம் செயல்படுத்துகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரி போன்ற ஊர்கள் இத்திட்டத்தின் எல்லைக்குள் வருபவை. எனினும் பல ஊர்களில் வீடு வரை கம்பி இழுத்துத் தருபவர் உள்ளூர் கேபிள் டிவி ஆபரேட்டரே. இணைப்பு இரு வகைப்படும்:

- தொலைக்காட்சிக்கான செப்பு கேபிள்: இதற்குக் கேபிள் மோடம் தேவை. இதன் தொழில்நுட்பச் செந்தரமான டாக்சிஸ் 1997இல் வெளியானது.
- கண்ணாடி இழை: ஒளியை மின் குறிப்பலையாக மாற்றும் ஓ.என்.யு. பெட்டி தேவை. பல பெட்டிகளில் வைஃபை உள்ளேயே இருக்கும். அப்போது தனித் திசைவி வேண்டியதில்லை.

அமைக்கும் முறை

1. மோடத்திலிருந்து வரும் ஈதர்நெட் கம்பியைத் திசைவியின் 'வேன்' துளையில் செருக வேண்டும்.
2. உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற, திசைவியின் அடியில் அச்சிட்டுள்ள முகவரியைத் திறக்க வேண்டும்.
3. சேவையாளர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்திருந்தால் 'பிபிபிஓஇ' பகுதியில் இட வேண்டும்.
4. வைஃபைக்குப் பெயரும் கடவுச்சொல்லும் வைத்துச் சேமிக்க வேண்டும்.

இடமும் அலைவரிசையும்

2.4 கிகாஹெர்ட்சு அலை தொலைவு செல்லும்; வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்சு வேகமானது. ஆனால் சுவர்களைத் தாண்டுகையில் விரைவில் வலுவிழக்கும். எனவே திசைவியை வீட்டின் நடுவில், உயரமான திறந்த இடத்தில் வைப்பது நல்லது. இரும்பு பீரோவும் கான்கிரீட் சுவரும் அலையைத் தடுக்கும். வேகம் குறைந்தால் முதலில் கணினியைத் திசைவியுடன் கம்பியால் இணைத்துச் சோதிக்க வேண்டும். கம்பியில் வேகம் சரியாக இருந்தால் குறை வைஃபையில். கம்பியிலும் குறைந்திருந்தால் சேவையாளரிடம் முறையிடலாம்.

பாதுகாப்பு

தொழிற்சாலையில் வைக்கப்பட்ட நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். குறியாக்கத்துக்கு டபிள்யூ.பி.ஏ.2 (2004) அல்லது டபிள்யூ.பி.ஏ.3 (2018) தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய 'வெப்' முறையை எளிதில் உடைத்துவிடலாம். பூட்டில்லாத வைஃபையில் பிறர் செய்யும் குற்றச்செயலுக்கான விசாரணையும் முதலில் இணைப்பு உரிமையாளரின் வீட்டு வாசலுக்கே வரும். இடி மின்னலின்போது செப்பு கேபிளைக் கழற்றிவைப்பது கருவிகளைக் காக்கும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் பெட்டியின் மின்செருகியைக் கழற்றுவது அவசியம்.