ஃபைபர் கம்பியும் சங்கரன்கோவில் மொட்டைமாடியும்

கட்டுமானச் சந்தையில் ‘ஃபைபர் கம்பி’ என்று வழங்கும் கண்ணாடியிழைப் பலபடிக் கம்பி, நுண்ணிய கண்ணாடி இழைகளை நெருக்கமாக அடுக்கி, வினைல் எஸ்டர் போன்ற பிசினில் தோய்த்து, சூடான அச்சின் வழியே இழுத்து இறுகவைத்துச் செய்யப்படுவது. அதன் எடை இரும்புக் கம்பியின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இழுவிசையைத் தாங்கும் வலிமையோ இரும்பைவிட மிகுதி. துருவுக்கு அதில் இடமே இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் ஐ.எஸ். 18256 என்னும் தரக்குறிப்பை வெளியிட்டு இக்கம்பிக்கு முறையான தகுதி வரம்பு வகுத்துள்ளது. எனினும், தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் போன்ற உள்நாட்டு ஊரில் வீடு கட்டுவோருக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பது தனியே ஆராயத்தக்கது.

புதிய காங்கிரீட்டின் கடுமையான காரத்தன்மை இரும்பின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தைத் துளைக்கும்போது இரும்பு துருவேறி, பருமன் பன்மடங்கு பெருகி, மேலுள்ள காங்கிரீட்டைப் பிளந்து உதிர்த்துவிடுகிறது. தமிழகத்தில் இதற்குச் சான்று தேடுவோர் முதலில் செல்ல வேண்டிய இடம் பாம்பன். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பாம்பனை அடுத்துள்ள மண்டபத்தில் அரிமான ஆய்வு நிலையம் நடத்துவதும் அப்பகுதியின் உப்புக் கடற்காற்றின் கடுமையால்தான். ஆயினும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே பயன்பட்டது என்பது கவனத்திற்குரியது.

சங்கரன்கோவிலுக்குக் கடற்காற்று இல்லை. உப்பு வருமென்றால் பெரும்பாலும் தண்ணீர் வழியாகவே வர வேண்டும். கம்பி பதித்த காங்கிரீட்டுக்குரிய கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தரக்குறிப்பான ஐ.எஸ். 456 வரையறுக்கிறது, கம்பியில்லாத காங்கிரீட்டுக்கு அதே விதி 2000 மில்லிகிராம் வரை இடம் தருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிக்காமலேயே கலவைக்கும் இறுகும் காங்கிரீட்டை நனைப்பதற்கும் ஊற்றிவிடும் வழக்கத்தை நோக்கினால், கம்பியை மாற்றுவதற்கு முன் நீரைச் சோதிப்பது மிக மலிவான பரிகாரம்.

விந்தை என்னவென்றால், இரும்பைக் காக்கும் அதே காரத்தன்மை கண்ணாடியை அரிக்கும் இயல்புடையது. ஆகவே இழைகளைச் சூழ்ந்த பிசினின் தரமே இக்கம்பியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கனடாவில் ஹால்ஸ் ஹார்பர் படகுத்துறை உள்ளிட்ட ஐந்து கட்டமைப்புகளிலிருந்து, ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கழித்துத் துளைத்தெடுத்த மாதிரிகளில் இழைகள் சிதைந்ததற்கான அறிகுறி காணப்படவில்லை. இது நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் நல்ல பிசினில் செய்த கம்பிக்கு மட்டுமே இது பொருந்தும்.

வீட்டுக் கூரையைப் பொறுத்தவரை, உண்மையான சிக்கல் வலிமையில் இல்லை, விறைப்பில் இருக்கிறது. சுமைக்குக் கம்பி எவ்வளவு நீளும் என்பதை அளக்கும் மீள்திறன் எண் இரும்புக்கு 200 கிகாபாஸ்கல், கண்ணாடியிழைக் கம்பிக்கு 45 முதல் 60 வரை மட்டுமே. எனவே, வலிமை மிகுதி என்பதைக் காட்டி, 10 மி.மீ. இரும்புக் கம்பியின் இடத்தில் 8 மி.மீ. ஃபைபர் கம்பி போதும் என்று சொல்லப்படும் கணக்கை நம்பி ஸ்லாப் போட்டால், கூரை இடிந்து விழாவிட்டாலும் நடுவில் தொய்ந்து, அடியில் அகன்ற வெடிப்புகளைக் காட்டக்கூடும். தொய்வைக் கட்டுக்குள் வைக்கக் கம்பியைக் கூட்டியோ ஸ்லாப்பைத் தடிமனாக்கியோ ஆக வேண்டும். அப்போது விலையில் கிடைத்ததாகத் தோன்றிய இலாபம் சுருங்கிவிடும். மேலும், இரும்பு அறுவதற்கு முன் நெடுந்தூரம் நீண்டு எச்சரிக்கிறது. கண்ணாடியிழை அவ்வாறு இளகாமல் சட்டென முறிகிறது.

கம்பி கட்டுவோருக்கும் இது புதிய பழக்கம். பில்லருக்கும் பீமுக்கும் வேண்டிய ரிங்குகளைத் தளத்திலேயே வளைக்க இயலாது. அளவு சொல்லி ஆலையிலிருந்தே வளைத்து வாங்க வேண்டும். தீ விபத்தில் பிசின் இளகி, காங்கிரீட்டோடு உள்ள பிடிப்பு தளர்வதும் உண்டு.

விசைத்தறிகள் மிகுந்த சங்கரன்கோவிலில், மண்ணின்மேல் நேரடியாக அமரும் தறிக்கூடத் தரைத்தளம் இக்கம்பிக்கு ஏற்ற முதல் இடமாகலாம். அங்கே சுமையைக் கெட்டித்த மண்ணே ஏற்றுக்கொள்வதால் தொய்வுக்கு இடமில்லை, ரிங்குகள் தேவைப்படுவதில்லை, நேர்க்கம்பிகளை விரித்துக் கட்டினால் போதும், கம்பியின் பணி காங்கிரீட் சுருங்கும்போது எழும் வெடிப்புகளை மெல்லியதாக வைத்திருப்பது மட்டுமே.