தங்கவயல் முற்றத்தில் எலுமிச்சைப்புல்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. தாதுவை அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய மணலோ இன்றும் நகரைச் சுற்றி மேடுமேடாக நிற்கிறது. காற்று பலமாக வீசும் நாள்களில் அம்மணல் வீட்டு முற்றம் வரை வருவதை இங்கு வாழ்வோர் அறிவர். எனவே, இவ்வூரில் உண்பதற்கென ஒரு செடியை வளர்க்க விரும்பினால், எந்தச் செடி என்பதற்கு முன்பே எந்த மண் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செடியைப் பொறுத்தவரை, எலுமிச்சைப்புல் நல்ல தேர்வு. வற்றாத ஆறு எதுவும் இல்லாத மாவட்டம் நம்முடையது. இப்புல்லோ வேரூன்றிய பின் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். அதன் மணத்துக்குக் காரணம் சிட்ரால் என்னும் பொருள். புல்லிலிருந்து வடிக்கும் எண்ணெயில் அது ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு வரை உள்ளது.

மண்ணே முதன்மை

இப்புல்லின் வேர்கள் மண்ணை இறுகப் பற்றுவதால், நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடுகளில் மண் சரியாமல் காக்க இதனை நட்டுப் பார்த்துள்ளனர். ஆனால் கழிவு மண்ணில் உள்ள உலோகங்களைச் செடி உறிஞ்சக்கூடும். மேட்டை மூடுவதற்கு உதவும் புல், அதே காரணத்தால் தேநீருக்கு உதவாது. ஆகவே சயனைடு மேட்டு மணலைத் தொட்டியில் இடவே கூடாது. செம்மண், நன்கு மட்கிய தொழுவுரம், தூய ஆற்று மணல் ஆகியவற்றைச் சம அளவில் வெளியிலிருந்து கொணர்ந்து கலப்பது நலம். லைன் வீடுகளின் சிறு முற்றத்துக்கு, அடியில் துளையுள்ள 12 அங்குலத் தொட்டி ஒன்றே போதும்.

நடவும் அறுவடையும்

விதை தேவையில்லை. வளர்ந்த தூரிலிருந்து வேருடன் பிரித்த ஒரு துண்டின் இலைநுனியை நறுக்கிவிட்டு நட்டால் போதும். நாள் முழுதும் வெயில் படும் இடம் சிறந்தது. அரிசி, காய்கறி கழுவிய நீரை ஊற்றலாம். ஆனால் தொட்டியில் நீர் தேங்கலாகாது. மூன்று, நான்கு மாதங்களில் முதல் அறுவடை கிடைக்கும். தரையிலிருந்து நான்கைந்து அங்குலம் விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும். இலையின் ஓரம் கையைக் கீறும், கவனம் தேவை. தூசி நிறைந்த ஊராதலால், இலைகளை ஓடும் நீரில் நன்கு கழுவிய பின்பே கொதிநீரில் இட வேண்டும். கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேட்டே அருந்துவது நன்று.

தொழிலாக எண்ணுவோர்க்கு

எண்ணெய் வடிக்கும் தொழிலுக்குக் கடன் பெற நினைப்போர் ஒரு கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். 100 கிலோ பச்சைப் புல்லிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ அரை கிலோ எண்ணெயே. ஆதலால் நிலம், வடிகலன், வாங்குவோர் ஆகிய மூன்றையும் உறுதி செய்த பின்னரே கடன் விண்ணப்பத்தை எழுதுவது அறிவுடைமை. கிருஷ்ணா போன்ற உயர்விளைச்சல் வகைகளை உருவாக்கிய மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் பெங்களூரிலேயே இருக்கிறது. முதலில் அங்குச் சென்று ஆலோசனை பெறலாம்.

வீட்டுத் தேவைக்கோ இத்தனை கணக்கு வேண்டியதில்லை. தூர் தொட்டியை நிறைத்ததும் அதனைப் பிரித்து, ஒரு பங்கை மீண்டும் நட்டு, எஞ்சியதை அண்டை வீட்டாருக்கு அளிக்கலாம். அளிக்கும்போது, மண் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி அளிப்போம்.