கத்தரிக்கோல் சொல்லும் கதை

முட்டம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? நாகர்கோவிலுக்குப் பக்கந்தான். பாறைகள், அவற்றின்மேல் ஓயாமல் மோதும் அலைகள், மேட்டில் ஒரு கலங்கரை விளக்கம். நேரில் பார்க்காவிட்டாலும் திரையில் பார்த்திருப்பீர்கள். டைரக்டர் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) இரண்டும் இங்கே படமானவைதாம்.

'கடலோரக் கவிதைகள்' படத்தில் முரடன் சின்னப்பதாஸாக சத்யராஜ்; அவனுக்கு எழுத்தறிவிக்கும் டீச்சராக ரேகா. மனத்தில் இருப்பதை இருவராலும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. முகம், பாறை, அலை, மறுபடி முகம்... சொல்லாததைக் கடல் சொல்லிவிடுகிறது! அலைக்கு ஏது துக்கம்? துக்கம் நம்முடையது. இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து ஒட்டியதும், இடைவெளியை நம் மனமே நிரப்பிக்கொள்கிறது. சினிமாக்காரர்கள் இதை 'மாண்டேஜ்' என்கிறார்கள்.

தோவாளையில் மாணிக்க மாலை கட்டுவதைப் பாருங்கள். தனியாக எடுத்தால் அது வெறும் அரளிப்பூ. மடித்து வரிசை சேர்த்ததும் மணிக்கல் பதித்தாற்போல் மின்னுகிறது. கட்டுகிற கையில் இருக்கிறது வித்தை!

ரஷ்யாவில் குலெஷோவ் என்பவர் சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் இதைச் சோதித்தார். ஒரு நடிகரின் சலனமற்ற முகத்துக்கு அடுத்தபடி ஒரு தடவை சூப் கிண்ணம், ஒரு தடவை சவப்பெட்டி. "ஆகா, என்ன பசி! என்ன சோகம்!" என்று பார்த்தவர்கள் நடிப்பைப் புகழ்ந்தார்களாம். முகம் என்னவோ ஒன்றேதான்! ஐஸன்ஸ்டைன் 1925-ல் 'பாட்டில்ஷிப் பொட்டெம்கின்' படத்தில் படுத்த சிங்கம், விழித்த சிங்கம், எழுந்த சிங்கம் என்று மூன்று கற்சிலைகளை ஒட்டினார். கல்லே கோபத்தில் துள்ளி எழுந்தது!

இன்னொரு சேதி கேளுங்கள். தொடக்க நாளில் இந்த வெட்டி ஒட்டும் வேலையில் பெண்கள் பலர் இருந்தார்கள். 1929-ல் வெளிவந்த 'மூவி காமிராவுடன் ஒரு மனிதன்' படத்தைத் தொகுத்த எலிஸவெத்தா ஸ்விலோவா, அந்தப் படத்திலேயே பிலிமும் கையுமாகக் காட்சி தருகிறார்.

அழ வைக்கும் இதே கத்தரி, ஏமாற்றவும் செய்யும் அல்லவா? இன்று கைப்பேசியில் வரும் துண்டுப் படங்களைப் பார்த்துவிட்டு ஒருவரைத் திட்டுகிறோம், ஒருவருக்காக உருகுகிறோம். அந்தச் சிரிப்பு எந்தச் சொல்லுக்குப் பிறந்தது? அந்தக் கண்ணீர் எந்தக் காட்சிக்கு வந்தது? ஒட்டியவருக்குத்தான் தெரியும்.

கதையென்றால் கரைந்து அழுங்கள், தவறில்லை. நிஜம் என்று எவராவது நீட்டினால் மட்டும், அழுமுன் ஒரு கணம் ஒட்டைத் தேடிப் பாருங்கள்!