தொலைவிலிருந்து கொரிய வாணிபம்

வாணிபத்திற்கு வேண்டிய முதல் இருவகைப்படும். ஒன்று பணம்; மற்றொன்று நம்பிக்கை. பணத்தைச் சங்கம் வங்கியில் கடனாகப் பெறலாம். நம்பிக்கையை அவ்வாறு பெற இயலாது. அதை நாமே சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும்.

நம் நாட்டிலிருந்து பருத்தி நூலும் எள்ளும் தென் கொரியாவுக்குச் செல்கின்றன. இரு நாடுகளுக்கும் இடையே ஏற்பட்ட பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. ஆதலின் அந்நாட்டு நிறுவனங்களோடு நேராகவோ, ஏற்றுமதியாளர் மூலமாகவோ தொடர்பு கொள்ளும் வாய்ப்பு நம் அங்கத்தினர்களுக்கும் உண்டு. நேரில் சந்திக்க இயலாத நெருக்கடிக் காலத்தில் அத்தொடர்பை எவ்வாறு காப்பது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய் இதற்குத் தக்க பாடமாகும். அவ்வாண்டு மார்ச்சு 25 அன்று நம் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. கொரியாவிலோ, ஜனவரியிலேயே நோய் கண்டு, பிப்ரவரியில் தேகு நகரம் பெரிதும் துன்புற்றபோதிலும், நாடு முழுவதையும் அடைக்கும் ஊரடங்கு விதிக்கப்படவில்லை. ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டிலிருந்து வருவோர் அனைவரும் 14 நாள் தனித்திருக்க வேண்டுமென்று ஆணை பிறந்தது. ஆகவே இங்கே அலுவலகம் பூட்டிக் கிடந்த நாட்களில், அங்கே பலர் தம் மேசையில் அமர்ந்து நம் பதிலை எதிர்நோக்கியிருந்தனர். நமது நிலை அவர்களுக்குத் தானே தெரியும் என்று வாளாவிருப்பது பெரும் பிழை என்பது இதனால் விளங்கும்.

கொரிய நிறுவனம் படிப்படியாக அமைந்தது. அடியில் நின்று நம்மோடு கடிதம் நடத்துபவர் பெரும்பாலும் 'தேரி' அல்லது 'க்வாஜாங்' என்னும் நிலையினர். அவருக்கு மேல் 'பூஜாங்' என்னும் துறைத் தலைவரும், எல்லோருக்கும் மேல் 'சாஜாங்' என்னும் நிறுவனத் தலைவரும் உளர். கீழிருப்பவர் குறிப்பு எழுதி மேலே அனுப்ப, ஒவ்வொருவரும் ஒப்பமிட்ட பின்னரே பல நிறுவனங்களில் முடிவு பிறக்கிறது. நம் சங்கங்களில் குறிப்பேடு செயலாளரிடமிருந்து நிர்வாகக் குழுவுக்குச் செல்வதை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது.

இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை பெறப்படும். நாம் எழுதும் கடிதம் அதைப் பெறுபவரோடு நிற்பதில்லை. அவர் அதைக் கையிலேந்தி மேலே செல்ல வேண்டியவர். அவருக்கு வேண்டுவது சமாதான மொழியன்று, கணக்கு.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு சங்கம் 19 டன் எள்ளை மாத இறுதிக்குள் கப்பலேற்ற ஒப்பியிருக்கிறது. மாத நடுவில் லாரிப் போக்குவரத்து நின்றுவிட்டது; கிடங்கில் இருப்பது 11 டன் மட்டுமே. 'எப்படியும் வந்து சேரும்' என்று காத்திருந்து, கெடு முடியும் நாளில் 'தவிர்க்க முடியாத காரணங்களால் இயலவில்லை' என்று எழுதுவது ஒரு வழி. தடை தெரிந்த அன்றே எழுதுவது மற்றொரு வழி. அக்கடிதத்தில், கையிருப்பு இவ்வளவு, வழியில் நிற்பது இவ்வளவு, தடை இன்னது, 11 டன்னை இப்போதே அனுப்பலாமா அல்லது முழுமையும் இன்ன தேதியில் அனுப்பலாமா, எமது அடுத்த கடிதம் இன்ன நாளில் வரும் என்று ஐந்து செய்திகள் இருத்தல் வேண்டும்.

தாமதம் இரண்டிலும் ஒன்றே. ஆயினும் முதல் வழியில் அந்தக் கொரிய அலுவலர் வெறுங்கையோடு மேலதிகாரி முன் நின்று தலைகுனிகிறார். மறுமுறை நம்மை நாட அஞ்சுவார். இரண்டாம் வழியில் நமது கடிதமே அவருக்குத் துணையாகிறது. அடுத்த கொள்முதல் நின்றுபோனால் நட்டம் செயலாளருக்கு மட்டுமன்று. விலைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு விவசாயிக்குமே ஆகும்.

நேரக் கணக்கும் கருதத்தக்கது. கொரியா நமக்கு மூன்றரை மணி முற்பட்டது. நமக்குப் பகல் 2.30 ஆகும்போது அங்கே மாலை 6 மணி. மாலை 4 மணிக்கு நாம் அனுப்பும் அவசரச் செய்தியை அவர் பெரும்பாலும் மறுநாள்தான் காண்பார். காலை 10 மணிக்குள் அனுப்பினால் அன்றே பதிலை எதிர்பார்க்கலாம். சாந்திரமானப் புத்தாண்டாகிய 'சொல்லால்', அறுவடைத் திருநாளாகிய 'சூசோக்' ஆகிய இரண்டுக்கும் மும்மூன்று நாள் அரசு விடுமுறை என்பதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்க.

முகத்தையும் சூழலையும் கண்டு பிறர் உள்ளத்தை உணரும் திறத்தைக் கொரியர் 'நுஞ்சி' என்பர். நாம் குறிப்பறிதல் என்போம். தொலைவிலிருந்து பேசும்போது இத்துணை பெரிதும் அற்றுப்போகிறது. காணொளிக் கூட்டத்தில் அவர்கள் கூறும் 'நே' என்னும் சொல் 'ஆம்' என்று பொருள்படும். ஆனால் 'கேட்டேன்' என்ற அளவிலும் நிற்கலாம். 'ஆராய்ந்து பார்க்கிறோம்' என்பது நயமான மறுப்பாகவும் இருக்கக்கூடும். மேலதிகாரி இருக்கையில் இளையவர் வாய் திறவாமலிருப்பதைச் சம்மதமென்று கொள்ளற்க. ஐயத்தைக் கூட்டத்தில் பலர் முன் எழுப்பாமல், பின்னர் தனியே எழுதிக் கேட்பதே நன்று. கூட்டம் முடிந்த அன்றே முடிவுகளை எண்ணிட்டு எழுதி அனுப்புக. தீர்மானப் புத்தகம் இல்லாத கூட்டத்தை நாம் ஏற்பதில்லையன்றோ?

விளிக்கும் முறையிலும் கவனம் தேவை. கொரியருள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் கிம், ஈ, பாக் என்னும் மூன்று குடும்பப் பெயர்களுக்குள் அடங்குவர். வெறுமனே 'திரு. கிம்' என்றால் ஓர் அலுவலகத்தில் யாரென்று அறிவது? 'கிம் க்வாஜாங்நிம்' என்று பதவியையும் மரியாதை விகுதியையும் சேர்த்து எழுதுவதே மரபு. அண்மையில் சில நிறுவனங்கள் பதவிப் பெயரை விடுத்து, எல்லோர் பெயரோடும் 'நிம்' என்று மட்டுமே சேர்க்கின்றன. அவரது கையொப்பத்தைப் பார்த்து அதன்படி நடப்பது தகும்.

கூட்டுறவு என்பது அந்நாட்டாருக்குப் புதிதன்று. அவர்களுடைய தேசிய விவசாயக் கூட்டுறவுச் சம்மேளனம் 1961இல் அமைந்தது. ஆகவே நமது சங்கம் அங்கத்தினருடைய உடைமை என்பதை முதற் கடிதத்திலேயே தயங்காது எழுதலாம்.

ஒவ்வொரு சங்கமும் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்திற்கு ஒருவரையும், அவர் நோயுற்றால் ஏற்று நடத்த மற்றொருவரையும் இப்போதே நியமிப்பது நலம். இருவரும் பார்க்கும்படி ஒரே பதிவேடு இருக்கட்டும். நெருக்கடி வந்தபின் ஆள் தேடுவோருக்கு, எழுத வேண்டிய முதல் நாள் கைநழுவிப் போகும்.